டிரம் மெஷினே அளவுகோல்: பழைய ஹவுஸ் தட்டுகளிலிருந்து 77 நிமிடத் தொகுப்பு

எடுத்துக்கொண்ட வேலை இது. 1984 முதல் 1990 வரை வந்த சிகாகோ, நியூயார்க் நடன கிளப் இசையின் (டிரம் மெஷின் தாளத்தில் ஓடும் ஹவுஸ்தான் அதில் முக்கியம்) 12 அங்குல சிங்கிள் தட்டுகள் பதிமூன்று. அவற்றைக் கழுவி, கணினியில் ஏற்றி, கீறல் சத்தம் நீக்கி, நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றோடு ஒன்று கோத்து, ஒரே ஆடியோ சிடியில் அடக்க வேண்டும். தட்டு ஒன்றுக்குச் சராசரியாக 6 நிமிடம் 40 விநாடி வைத்தால் மொத்தம் 86:40. பன்னிரண்டு இணைப்புகளில் ஆறு அதிகபட்சம் 16 பார் நீளம், ஆறு 32 பார் நீளம் (ஒரு பார் என்றால் நான்கு பீட், அதாவது நான்கு தாள அடி). அந்த இடங்களில் இரண்டு பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுவதால் ஏறக்குறைய ஒன்பதரை நிமிடம் கழிந்துவிடும். கடைசியில் 77 நிமிடம் சொச்சம். 80 நிமிட சிடியில் தாராளமாக உட்காரும்.

தொகுப்பு ஆல்பங்களே விற்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று தோன்றலாம். லண்டன் ரெக்கார்ட்ஸ் 1986இல் கொண்டுவந்த 'தி ஹவுஸ் சவுண்ட் ஆஃப் சிகாகோ' தொடங்கி நல்ல தொகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்பி வடிவத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பக்கத்துக்கு நாலைந்து பாட்டு வைத்து 20 நிமிடத்தைத் தாண்டினால் க்ரூவை (ஊசி ஓடும் பள்ளத்தை) நெருக்கி வெட்டியாக வேண்டும். நெருக்கி வெட்டினால் பாஸையும் ஒலி அளவையும் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சுற்று பக்கத்துச் சுற்றில் போய் இடிக்கும். அதே பாட்டு 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருக்கும். இன்னொன்று, பாட்டின் தலையிலும் வாலிலும் டிஜேக்காகவே விட்டுவைத்த 16, 32 பார் வெறும் தாளம். தொகுப்புகளில் பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுவது அதுதான். கோப்பதற்கான கொக்கியே அதுதான் என்பதால் சிங்கிள் தட்டு இல்லாமல் இந்த வேலை நடக்காது.

கழுவுவது

ஒரு லிட்டர் கரைசலுக்கு 750 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 250 மி.லி. 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவும்போது சேர்க்கும் வெட்டிங் ஏஜென்ட் மூன்று நான்கு சொட்டு. சொட்டு கூடினால் நுரை காய்ந்து க்ரூவில் படிந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் க்ரூவின் போக்கிலேயே இரண்டு சுற்று, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, செங்குத்தாக நிறுத்தி, நன்றாகக் காயவிட வேண்டும். லேபிள் நனையக் கூடாது.

கடற்கரை ஊர்களில் பரணில் கிடந்த தட்டு என்றால் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை இருக்கும். இந்தக் கரைசலில் அது போய்விடும். ஆனால் பழைய உள்ளுறையைத் தூக்கி எறியாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வரும். ஒரு எச்சரிக்கை: இது வினைல் தட்டுக்கு மட்டும். வீட்டில் இருக்கும் தாத்தா காலத்து 78 தட்டுகள் அரக்கால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும்.

மையம் விலகிய தட்டு

பதிமூன்றில் இரண்டு தட்டுகளின் நடு ஓட்டை மையத்தில் இல்லை. அந்தக் காலத்து அவசர அச்சுகளில் இது சகஜம். தட்டு சுழலும்போது டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இடம் வலமாக ஊஞ்சலாடினால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டை அரை மி.மீ. விலகியிருந்தாலே, மையத்திலிருந்து 120 மி.மீ. தொலைவில் வேகம் 0.42% ஏறி இறங்கும். அதாவது சுருதி 7 சென்ட் மேலும் 7 சென்ட் கீழும் போய்வரும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). உள்ளே 65 மி.மீ.க்கு வரும்போது அது 13 சென்ட் ஆகிவிடும். ஆகவே தொடக்கத்தில் சரியாகத் தெரிந்த பாட்டு முடிவில் அலைபாயும். இதைக் கணினித் திரையில் கிக் டிரம் (தாளத்தின் 'டம்' அடி) விழும் இடங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சுற்றுக்குள் கிக் தன் இடத்தைவிட்டு நகர்வது ஒரு மில்லி விநாடி சொச்சம்தான். நீண்டு ஒலிக்கும் ஆர்கன் கார்டையோ சின்த் பேடையோ கேட்டால் உடனே தெரியும்: 1.8 விநாடிக்கு ஒருமுறை நெளியும்.

ஓட்டையின் தர அளவு 7.24 மி.மீ. கூம்பு வடிவ ரீமரால் (ஓட்டையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கருவி) கையாலேயே மெதுவாகத் திருகி, ஒரு மி.மீ. வரை பெரிதாக்கலாம். டிரில் கூடாது, விரிசல் விடும். பிறகு தட்டை ஸ்பிண்டிலில் (டர்ன்டேபிளின் நடுத் தண்டில்) வைத்து ஆர்மைப் பார்த்துக்கொண்டே, எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் விளிம்பை விரலால் நகர்த்த வேண்டும். ஆர்ம் அசையாமல் உள்நோக்கி மட்டும் நகரும்வரை நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். அபூர்வமான தட்டில் ரீமர் வைக்க மனசு வராதுதான். அப்படியென்றால் நெளிவோடு வாழப் பழக வேண்டும்.

ஊசி, எர்த், அளவு

இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை டிஜேக்கள் கையில் அடிபட்டவை. டிஜே கார்ட்ரிட்ஜின் உருண்டை முனை க்ரூவின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசித் தேய்த்திருக்கும். நீள்வட்ட முனையோ அதைவிட நுண்ணிய முனையோ வேறு உயரத்தில் தொடுவதால், தேய்ந்துபோனதாகக் கைவிட்ட தட்டிலும் சுத்தமான ஒலி வருவது உண்டு. எனவே ஒரு தட்டைக் குப்பை என்று முடிவுகட்டும் முன் ஊசியை மாற்றிப் பார்ப்பது நல்லது. எடை, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் இருக்கட்டும். 'தட்டைக் காப்பாற்ற' எடையைக் குறைத்தால் பலத்த பாஸ் வரும் இடத்தில் ஊசி துள்ளும், சேதம் அப்போதுதான் அதிகம்.

ஹம் (மின்சாரத்திலிருந்து ஒலியில் கலக்கும் 'ம்ம்ம்' இரைச்சல்) விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹவுஸ் இசையின் முதுகெலும்பான ரோலண்ட் டிஆர்-808, டிஆர்-909 டிரம் மெஷின்களின் (தாளத்தைத் தானே வாசிக்கும் கருவிகள்) கிக்குகளின் அடித்தளமும் அதே 50 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. ஹம்மை ஃபில்டர் போட்டு எடுத்தால் கிக்கின் வயிற்றையும் சேர்த்தே அறுத்துவிடுவோம். டர்ன்டேபிளின் எர்த் வயர் ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். பதிவின்போது லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட ஹம் இந்த இரண்டிலேயே அடங்கும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். அதிகச் சத்தமான இடம் −6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்தால் போதும். 24 பிட்டில் தட்டின் சொந்த இரைச்சல் கணினியின் இரைச்சலைவிட வெகு உயரத்தில் இருப்பதால் அளவை முட்ட முட்ட ஏற்றுவதில் லாபமில்லை. 96 எதற்கு என்றால், கீறல் சத்தம் அதில் கூர்மையான முள்ளாகத் தெரியும். எடுப்பது எளிது.

128 பீட் கணக்கு

டிரம் மெஷின் களைப்படையாது. அதனால் பாட்டின் வேகத்தை மென்பொருளின் ஊகத்துக்கு விடாமல் நாமே அளக்கலாம். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒரு கிக்கின் தொடக்கத்தில் குறி வையுங்கள். அதிலிருந்து 129ஆவது கிக்கின் தொடக்கத்தில் இன்னொன்று. நடுவில் சரியாக 128 பீட், அதாவது 32 பார். 7680ஐ (128 × 60) அந்த விநாடிகளால் வகுத்தால் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண். 64.000 விநாடி என்றால் 120. 63.21 விநாடி என்றால் 121.50.

இவ்வளவு நுணுக்கம் வீண் வேலை இல்லை. மென்பொருள் ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டால் 0.05 பிபிஎம் வரை தவறு ஒளிந்திருக்கலாம். 32 பார் இணைப்பு ஏறக்குறைய 63 விநாடி. அந்தத் தவறு அதற்குள் 26 மில்லி விநாடியாக வளர்ந்து, முதலில் ஒரே 'டம்' ஆகக் கேட்ட இரண்டு கிக்குகள் முடிவில் 'ட-டம்' என்று தடுமாறும். 128 பீட்டை அளந்து ஐந்து மில்லி விநாடி பிசகினாலும் பிழை 0.01%ஐத் தொடாது.

இந்த அளவுகோல் செல்லுபடியாகாத இடமும் உண்டு. கிளாசிக் கிளப் இசை என்றால் ஹவுஸ் மட்டும் இல்லை. நியூயார்க் கிங் தெருவில் 1977 முதல் 1987 வரை இயங்கிய பாரடைஸ் கராஜில் லாரி லெவான் ஓடவிட்டவற்றில் பாதி, மனிதர் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த டிஸ்கோ. சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸும் அதே டிஸ்கோவை டேப்பில் வெட்டி ஒட்டித்தான் நீட்டினார். கோரஸ் வந்தால் டிரம்மர் உற்சாகத்தில் வேகம் கூட்டுவார். அத்தகைய பாட்டை எட்டெட்டு பாராக அளந்து, இணைப்பு விழும் பகுதியை மட்டும் நேராக்க வேண்டும். முழுப் பாட்டையும் கட்டத்துக்குள் அடைத்தால் அதன் உயிர் போய்விடும். இந்தத் தொகுப்பில் அப்படிப்பட்ட தட்டு ஒன்றுதான். அதற்கு 16 பார்கூட வேண்டாம், 8 பாரில் முடித்துக்கொள்ளலாம்.

கீறலா, ரிம்ஷாட்டா?

இங்கேதான் நிறையப் பேர் பாட்டைக் கொல்கிறார்கள். க்ளிக் நீக்கும் மென்பொருளுக்கு, திடீரென்று எழுந்து உடனே அடங்கும் எதுவும் கீறல்தான். 909இன் ரிம்ஷாட் (டிரம்மின் விளிம்பு அடி), க்ளாப்பின் முன்முனை, மூடிய ஹை-ஹாட் எல்லாம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளின் க்ளிக் ரிமூவலை 200, 20 என்ற அதன் இயல்பு அளவிலேயே முழுப் பாட்டுக்கும் ஓட்டினால், ஹை-ஹாட் பஞ்சு மாதிரி மழுங்கிப்போகும் ஆபத்து உண்டு.

சோதனை எளிது. அசலை ஒரு ட்ராக்கிலும், சுத்தம் செய்ததன் அலையை மேல்கீழாகக் கவிழ்த்து (இன்வர்ட்) இன்னொரு ட்ராக்கிலும் வைத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். நீக்கப்பட்டது மட்டும் கேட்கும். பொரிகடலை வறுக்கிற மாதிரி ஒழுங்கில்லாத படபடப்பு கேட்டால் சரி. அதில் தாளம் கேட்டால், தலையாட்டத் தோன்றினால், இசையை வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கண்ணாலும் பிரித்துவிடலாம். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கி விழுந்த நீளக் கீறல் 1.8 விநாடிக்கு ஒருமுறை மட்டும் வரும். 120 பிபிஎம்மில் அது 3.6 பீட். எனவே கீறல் சத்தம் தாளத்தின் மேல் ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். ஐந்து சுற்றுக்கு, அதாவது 9 விநாடிக்கு ஒருமுறைதான், 18ஆவது பீட்டில், தாளத்தோடு மறுபடி கைகோக்கும். 45 வேகத் தட்டில் சுற்று 1.33 விநாடி. டிரம் மெஷினின் ஒலிகளோ 125 மில்லி விநாடிக் கட்டங்களை விட்டு நகராது. கட்டத்தில் விழாத முள் எல்லாம் கீறல். அவற்றை ஒவ்வொன்றாக ஆடாசிட்டியின் ரிப்பேர் கட்டளையால் எடுக்கலாம். அது ஒரே நேரத்தில் 128 சாம்பிளுக்கு மேல் ஏற்காது, அதுவே போதும். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் குரல், பேட் மட்டும் ஒலிக்கும் இடைவேளைப் பகுதிகளுக்கு மட்டும் தானியங்கியை ஓட்டிவிட்டு, தாளம் இருக்கும் இடங்களை விட்டுவிடலாம். கிக்கும் ஹை-ஹாட்டும் சேர்ந்து அடிக்கும்போது சின்னக் கீறல்கள் காதில் விழுவதில்லை.

தாளம் மாறாமல் திரும்பி வருவதில் இன்னொரு வரமும் இருக்கிறது. டிஜே தட்டில் முதல் கிக்கைச் சுற்றி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டபடி தட்டை முன்னும் பின்னும் உருட்டி உருட்டித் தேய்ந்த இடம் அது. எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது, எடுக்கத் தேவையும் இல்லை. முதல் பாரில் இருக்கும் அதே கிக், அதே ஹை-ஹாட் ஐந்தாவது பாரிலும் இருக்கும். அதைக் கிக்கின் தொடக்கத்துக்கு 5 மில்லி விநாடி முன்னால் வெட்டி எடுத்து, முதல் பாரின் இடத்தில் ஒட்டி, இரண்டு ஓரத்திலும் 3 மில்லி விநாடி க்ராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும் கலப்பு) கொடுத்தால் முடிந்தது. ஒட்டும் முன் அந்த பாரில் எதிரொலியின் வால் ஏதாவது தொங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு தொடங்கும் முன்பே குரலின் எதிரொலி வந்து நின்றால் சிரிப்புதான் வரும்.

கோப்பது

பாட்டுகளின் வேகம் 117க்கும் 125 பிபிஎம்முக்கும் இடையில் இருக்கிறது. எல்லாவற்றையும் 121க்கு இழுத்தால் 117இல் இருப்பது 3.4% வேகம் கூடி, சுருதி அரை ஸ்வரத்தில் பாதியைத் தாண்டி ஏறிவிடும். பாடகியின் குரலே மாறிப்போகும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியும் உண்டு, ஆனால் அது கிக்கின் முன்முனையைக் குழப்பி மழுக்கிவிடும். டிஜேக்கள் டர்ன்டேபிளின் பிட்ச் ஸ்லைடரால் செய்வதுபோல வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறுவதுதான் இந்த இசைக்குப் பொருத்தம்.

அதனால் வரிசையை மெதுவானதிலிருந்து வேகமானதுக்கு அடுக்கி, 118இல் தொடங்கி 124இல் முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இணைப்புக்கும் தலா அரை பிபிஎம் ஏற்றம். உள்ளே வரும் பாட்டு, வெளியே போகும் பாட்டின் வேகத்திலேயே நுழைய வேண்டும். இணைப்பு முடிந்த பிறகு, நடுவில் 32 பார் நீளத்தில் நைசாக அரை பிபிஎம் ஏற்ற வேண்டும். 7 சென்ட் மாற்றம், அதுவும் ஒரு நிமிடத்தில் பரவினால் யாருக்கும் தெரியாது. ஆடாசிட்டியின் டைம் ட்ராக்கில் இதைச் செய்யலாம். அது ப்ராஜெக்டில் உள்ள எல்லா ட்ராக்கையும் சேர்த்து இழுக்கும் என்பதால் ஒரு பாட்டுக்கு ஒரு ப்ராஜெக்ட்.

இணைப்பில் மிகப்பெரிய பொறி, இரண்டு கிக். சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் 6 டெசிபல் வரை கூடி ஸ்பீக்கர் உறுமும். 10 மில்லி விநாடி தள்ளி விழுந்தால், 50 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் அதுதான் என்பதால், ஒன்றை ஒன்று தின்று பாஸ் காணாமல் போகும். இரண்டும் வேண்டாம். உள்ளே வரும் பாட்டில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டி வையுங்கள். 32 பார் இணைப்பில் 17ஆவது பாரின் முதல் பீட்டில், அந்த ஒரு புள்ளியில், பழையதன் பாஸை வெட்டிப் புதியதன் பாஸைத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் இரண்டு பாஸும் சேறாகிவிடும். சட்டென்று மாற்றினால்தான் தரை அதிரும்.

இரண்டு பக்கத்திலும் பியானோவோ பாஸ்லைனோ இருந்தால் கோக்கவே வேண்டாம். ஒரு பக்கமாவது வெறும் தாளமாக இருக்கட்டும். ஃப்யூச்சரின் 1987 'ஆசிட் ட்ராக்ஸ்' மாதிரி 11 நிமிடத்தைத் தாண்டும் பாட்டு வந்தால் வெட்டத்தான் வேண்டும். 16 பாரின் மடங்காக வெட்டினால் தாளம் உதைக்காது. ஆனால் அதில் நெளியும் டிபி-303 பேஸ்லைன் என்ற பாஸ் சின்தசைசரின் ஃபில்டர் அங்கே எந்த அளவு திறந்திருந்ததோ, ஒட்டும் இடத்திலும் அதே அளவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவே குரல் மாறியதுபோல் இருக்கும்.

சிடியில் ஏற்றுவது

இவ்வளவும் செய்துவிட்டு கடைசிக் கட்டத்தில் கோட்டை விடுவது நடக்கும். பதிமூன்று வேவ் கோப்புகளாக நறுக்கி எரித்தால் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு 'டிக்'. சிடி ஒரு விநாடியை 75 ஃப்ரேமாகப் பிரிக்கிறது, ஃப்ரேம் ஒன்றுக்கு 588 சாம்பிள். கோப்பின் நீளம் 588இன் மடங்காக இல்லாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். அந்த மௌனம்தான் 'டிக்'.

எனவே முழு 77 நிமிடமும் ஒரே வேவ் கோப்பு, கூடவே ஒரு கியூ ஷீட் (எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்). அதில் நேரம் நிமிடம், விநாடி, ஃப்ரேம் என்று எழுதப்படும். மூன்றாவது எண்ணை நூற்றில் ஒரு பங்கு என்று நினைத்து ஏமாறாதீர்கள், அது 0 முதல் 74 வரைதான். 6 நிமிடம் 8.45 விநாடி என்றால் .45ஐ 75ஆல் பெருக்கி 33.75, முழு எண்ணாகக் கீழே இறக்கி 06:08:33. குறி பீட்டுக்குச் சற்று முன்னால் விழலாம், பின்னால் விழுந்தால் அந்தப் பாட்டுக்கு நேராகத் தாவும்போது கிக்கின் தலை வெட்டுப்படும். (125 பிபிஎம்மில் ஒரு பீட் சரியாக 36 ஃப்ரேம். எல்லாப் பாட்டும் 125இல் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.)

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டுக்கு மாற்றுவது ஒரே ஒருமுறை, கடைசியில், டிதர் (பிட் குறைவதால் வரும் கரகரப்பை மறைக்கும் நுண் இரைச்சல்) சேர்த்து. லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்குவது) போட்டு இன்றைய பாட்டுகள் அளவுக்குச் சத்தம் ஏற்ற வேண்டாம். கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் இடையே இருக்கும் காற்று போய்விடும். எரிக்கும்போது டிஸ்க்-அட்-ஒன்ஸ் (முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும்) முறையைத் தேர்ந்தெடுங்கள். ட்ராக்-அட்-ஒன்ஸ் என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இரண்டு விநாடி இடைவெளி வந்து உட்காரும். போனுக்கு வேண்டுமானால் ஒரே நீளக் கோப்பாக ஃப்ளாக் வடிவத்தில் (தரம் குறையாமல் சுருக்குவது) வையுங்கள். பாட்டுப் பாட்டாக எம்பி3 ஆக்கினால் என்கோடர் ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் சேர்த்துவிடும்.

இது சொந்தத் தட்டுகளிலிருந்து சொந்தக் காதுக்கு. விற்கவோ இணையத்தில் ஏற்றவோ நினைத்தால் பதிவின் உரிமையும் பாடலின் உரிமையும் தனித்தனியாக வாங்க வேண்டும், பதிமூன்று பாட்டுக்கும்.

கீறல் நீக்காத, வெட்டாத 24/96 மூலப் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள். பதிமூன்றும் சேர்ந்து ஸ்டீரியோவில் 3 ஜிபி சுமார்தான். சிடியின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், எடை ஒரு பக்கம் சாய்ந்து சில ப்ளேயர்களில் கடைசிப் பாட்டுகள் திக்கும். பெயரை நடு வளையத்தில் மார்க்கரால் எழுதினால் போதும்.